உட்கூரைக்கு மேலே ஓர் அடுப்பு

எமது உணவகங்களின் புகைக்குழாய்கள் பற்றி நாம் கேட்காமல் விட்ட கேள்விகள்

அகதிகளாக இந்நாட்டில் வந்திறங்கிய எம்மவரில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை கிடைத்த இடம் ஓர் உணவகத்தின் குசினியாகும். ஊரில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவரும், வங்கியில் கணக்கெழுதியவரும், கடலுக்குப் போய் வலை இழுத்தவரும் இங்கே ஒரே தொட்டியின் முன்னால் நின்று கோப்பை கழுவினார்கள். இக்கட்டுரையை எழுதுபவனும் அவ்வாறு நின்றவர்களுள் ஒருவன். நள்ளிரவு தாண்டி, கடைசி வாடிக்கையாளரும் போன பின்னர், அடுப்புகளுக்கு மேலே சாய்வாகச் செருகப்பட்டிருக்கும் வடிகட்டித் தகடுகளைக் கழற்றிக் கொதிநீரில் ஊறவைத்துத் தேய்ப்பது எனது பொறுப்பாக இருந்தது. தகடுகள் பளபளத்தால் முதலாளி மகிழ்வார். எனக்கும் அது போதுமாக இருந்தது. அந்தத் தகடுகளுக்கு அப்பால், இருட்டுக்குள் மேலேறிச் செல்லும் குழாய் எங்கே போகிறது, அதற்குள் என்ன படிந்திருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்லித் தந்ததுமில்லை.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அன்று கோப்பை கழுவியவர்களில் பலர் இன்று கடை முதலாளிகள். ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் லண்டனிலும் பாரிஸிலும் எம்மவரின் உணவகங்கள் பெருகியுள்ளன. கொத்துரொட்டித் தட்டின் ஓசையை வைத்தே தமிழர் வாழும் தெருவை அடையாளம் காணலாம் என்னும் அளவுக்கு அவை பெருகியுள்ளன. இது எமக்குப் பெருமை தரும் விடயமே. ஆயினும், அன்று தொழிலாளியாகக் கேட்காத கேள்வியை இன்று முதலாளியான பின்னரும் எம்மில் பலர் கேட்பதில்லை. அந்தக் கேள்வியின் விலை என்ன என்பதை அண்மையில் நேரில் கண்டதனாலேயே இதனை எழுத முற்பட்டேன்.

ஒரு தொலைபேசி அழைப்பு

ஊரவர் ஒருவர் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, ஸ்காபுறோவிலை ஒரு கடை சரிவந்திருக்கு. குசினி எல்லாம் ஏற்கெனவே போட்டுக் கிடக்கு. நாங்கள் போய் அடுப்பை மூட்டுறதுதான் மிச்சம். ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார். பத்தாண்டுகள் இரண்டு வேலை செய்து சேர்த்த பணம், சீட்டெடுத்த காசு, மனைவியின் நகை, உறவினரிடம் வாங்கிய கைமாற்று என அனைத்தும் அந்தக் கடைக்குள் போகவிருந்தன. முற்பணமும் கொடுத்தாயிற்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒன்றே மீதியாக இருந்தது.

கட்டடம் பழையது. கீழே கடை, மேல்மாடியில் இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. உணவகக் குசினிகளுக்குத் தகட்டு வேலையும் வெல்டிங்கும் செய்துவரும் நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றேன். ஊரவர் காட்டிய குசினி கண்ணைப் பறித்தது. அடுப்புகளுக்கு மேலே சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துருப்பிடிக்காத உருக்கினால் செய்யப்பட்ட பெரிய புகைக்கூடு. வேலைத்தலங்களில் 'ஹூட்' என்று நாம் சொல்லிப் பழகிய அதே பொருள். முகம் பார்க்கலாம் போல் மினுங்கிக்கொண்டிருந்தது. நண்பர் அதனைப் பார்க்கவே இல்லை. ஏணி ஒன்றைக் கேட்டு வாங்கி, உட்கூரையின் பலகை ஒன்றை நீக்கி, ரோர்ச் லைற்றுடன் தலையை மேலே நுழைத்தார். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் இறங்கி, "நீங்களே ஏறிப் பாருங்கோ" என்றார்.

அங்கே நாம் கண்டதைச் சொல்வதற்கு முன்னர், அந்தக் குழாயின் தன்மையை விளக்க வேண்டும்.

ஊர்ப் புகைக்கூடும் உணவகக் குழாயும்

ஊரில் எமது வீட்டுக் குசினிகளுக்கும் புகைக்கூடு இருந்தது. விறகடுப்பின் புகை அதனூடாக வெளியேறியது. பொங்கலுக்கோ வருடப்பிறப்புக்கோ முன்னர் ஒட்டறை அடித்துத் துப்புரவு செய்தோம். தொழிற்சாலைகளின் உயர்ந்த புகைபோக்கிகளையும் நாம் அறிவோம். இவற்றின் வேலை, எரிந்து முடிந்ததன் எச்சத்தை வெளியேற்றுவது. உணவகத்தின் புகைக்குழாயோ இனிமேல் எரியக்கூடிய பொருளையே சுமந்து செல்கின்றது. பெரும்பாலான தவறுகள் இந்த வேறுபாட்டை அறியாமையிலிருந்து பிறப்பவையாகும்.

பொரிக்கும் எண்ணெய் வழக்கமாக 180 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதிலிருந்து ஆவியும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளும் எழுந்து புகைக்கூட்டுக்குள் இழுக்கப்படுகின்றன. வடிகட்டித் தகடுகள் அவற்றில் ஒரு பகுதியையே பிடித்துக்கொள்கின்றன. மிகுதி குழாய்க்குள் ஏறி, குளிர்ந்த உலோகச் சுவரில் பட்டு, கொழுப்புப் பிசுக்காகப் படிகின்றது. நாளடைவில் அது இறுகித் தடித்த படலமாகிவிடுகின்றது.

இதனை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். நாற்பது சென்ரிமீற்றர் சதுரமான, 6 மீற்றர் நீளமான ஒரு குழாயின் உட்பரப்பு ஏறத்தாழ 9.6 சதுர மீற்றர். அதில் 2 மில்லிமீற்றர் தடிப்பில் பிசுக்குப் படிந்தால், அதன் அளவு 19 லீற்றரை அண்மிக்கும். ஊரில் மண்ணெண்ணெய் வாங்கிய 4 கலன் தகரம் ஒன்று நிறைந்து வழியும் அளவு இது. அப்படியொரு தகரத்தை நிறைத்து, பிள்ளைகள் உறங்கும் அறையின் தரைக்குக் கீழே எவராவது வைத்திருப்பார்களா?

சமையல் எண்ணெய் ஏறத்தாழ 360 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால், தீப்பொறி எதுவும் படாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். தாச்சியிலிருந்து எழும் ஒரு சுவாலை வடிகட்டியைத் தாண்டி உள்ளே சென்றால் அதற்கும் குறைந்த வெப்பமே போதும். கூரையின் மேலிருக்கும் பெரிய விசிறியோ, கொல்லன் உலைத் துருத்தியைப் போல் அந்நெருப்புக்குக் காற்றூட்டிக்கொண்டேயிருக்கும். இத்தகைய குழாய்களுக்கான தீச்சோதனைகளில் 1093 பாகை செல்சியஸ், அதாவது 2000 பாகை பரனைற் வெப்பம் கையாளப்படுகின்றது என்பதிலிருந்து அந்நெருப்பின் உக்கிரத்தை ஊகிக்கலாம். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும்.

பொஸ்ரன் நகரில் நடந்தது

ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், வெஸ்ற் றொக்ஸ்பரி என்னும் பகுதியில் 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் இரவு, ஒரு சீன உணவகத்தில் தீ மூண்டது. கொழுப்புப் படிந்த புகைக்குழாயிலிருந்து பரவிய தீ அது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழைந்தபோது உணவுண்ணும் கூடத்தில் அச்சுறுத்தும் அளவுக்குப் புகையோ வெப்பமோ இருக்கவில்லை. ஆனால் அவர்களது தலைக்கு மேலே, உட்கூரைக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியில், நெருப்பு நீண்ட நேரமாக எவரது கண்ணிலும் படாமல் எரிந்துகொண்டிருந்தது. பின்னர் அது ஒரே கணத்தில் கீழே பாய்ந்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

பயிற்சி பெற்ற வீரர்களையே ஏமாற்றிய நெருப்பு இது. சமைத்துக் களைத்து நிற்கும் எம்மை ஏமாற்ற அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

இது அபூர்வமான சம்பவமும் அன்று. 2010 முதல் 2014 வரையான காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் உணவகங்களிலும் மதுச்சாலைகளிலும் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 7,410 தீ விபத்துகள் ஏற்பட்டதாக அந்நாட்டின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் கணக்கிட்டுள்ளது. அவற்றில் 61 வீதமானவை சமையல் சாதனங்களிலிருந்து தொடங்கியவை. துப்புரவு செய்யத் தவறியமை 22 வீதமான விபத்துகளுக்குக் காரணியாக இருந்தது.

ஏணியின் உச்சியில் கண்டது

ஏணியில் ஏறி நான் பார்த்த குழாய், வீடுகளுக்குச் சூட்டுக்காற்றைக் கொண்டு செல்லும் மெல்லிய நாகம் பூசிய தகட்டுக் குழாயாகும். அதன் துண்டுகள் திருகாணிகளால் பொருத்தப்பட்டு, மேலே வெள்ளிநிற ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. மூட்டு ஒன்றிலிருந்து மண்ணிறப் பிசுக்கு வழிந்து உட்கூரைப் பலகையின் முதுகில் சொட்டிக் காய்ந்திருந்தது. குழாயிலிருந்து நான்கு விரல் இடைவெளியில் மேல்மாடியைத் தாங்கும் மர வளை. அந்த நேரத்தில் மேலே ஒரு குழந்தை ஓடும் காலடியோசை கேட்டது. அது என் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கேட்டது.

இந்தக் குழாய் எவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்பதை நண்பர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டட விதிகளும் தீப்பாதுகாப்பு விதிகளும் உணவகப் புகைக்குழாய்கள் 'என்.எவ்.பி.ஏ. 96' என்னும் நியமத்துக்கு அமைய வேண்டும் என்கின்றன. மேற்கூறிய தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் நியமம் அது. அதன் முக்கிய விதிகளை எல்லோருக்கும் விளங்கும்படி கீழே தருகின்றேன்.

முதலாவது, உலோகம். சாதாரண உருக்காயின் 1.37 மில்லிமீற்றருக்கும், துருப்பிடிக்காத உருக்காயின் 1.09 மில்லிமீற்றருக்கும் குறையாத தடிப்பு வேண்டும். நாகம் பூசிய மெல்லிய தகடு இதற்கு உதவாது.

இரண்டாவது, மூட்டுகள். ஒரு துளி எண்ணெயும் கசியாதவாறு வெளிப்புறமாகத் தொடர்ச்சியான வெல்டிங் செய்யப்பட வேண்டும். திருகாணியும் ஒட்டுநாடாவும் வெல்டிங் ஆகமாட்டா.

மூன்றாவது, இடைவெளி. மரம் போன்ற எரியக்கூடிய பொருட்களிலிருந்து குழாய் 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும். இடம் போதாதவிடத்து, சோதித்து அங்கீகரிக்கப்பட்ட தீக்காப்புப் போர்வையைச் சுற்றலாம், அல்லது தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரட்டைச் சுவர்க் குழாயைப் பொருத்தலாம். அவ்வாறாயின், அப்பொருளின் அங்கீகாரத்தில் குறிப்பிடப்பட்ட இடைவெளி போதுமானது. மரம் நீண்ட காலம் சூடுபட்டுக்கொண்டேயிருந்தால், வழக்கத்திலும் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் என்பதை நினைவிற் கொள்க. எட்டு ஆண்டுகளாகப் பற்றவில்லை என்பது இனியும் பற்றாது என்பதற்கு உறுதியாகாது.

நான்காவது, உறை. குழாய் மேல்மாடிகளை ஊடறுத்துச் செல்லுமாயின், அதனைச் சுற்றித் தீயைத் தாங்கும் சுவருறை அமைய வேண்டும். நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்தில் 1 மணித்தியாலமும், அதற்கு மேற்பட்டதில் 2 மணித்தியாலமும் அது தீயைத் தாங்க வேண்டும்.

ஐந்தாவது, துப்புரவுக் கதவுகள். குழாய் திரும்பும் இடந்தோறும், கிடையாகச் செல்லுமிடத்தில் 12 அடிக்கு ஒன்றாகவும், திறந்து பார்த்துச் சுத்தம் செய்யக் கதவுகள் வேண்டும். கதவில்லாத குழாயைச் சுத்தம் செய்ததாக எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆறாவது, கூரை முனை. புகை வெளியேறும் வாய் கூரையிலிருந்து 40 அங்குலத்துக்குக் குறையாத உயரத்திலும், அயற்கட்டடங்களிலிருந்தும் காற்று உள்ளிழுக்கும் துவாரங்களிலிருந்தும் 10 அடி விலகியும் இருக்க வேண்டும். விசிறியைச் சாய்த்துத் திறந்து சுத்தம் செய்யக் கீல் அமைப்பும், வடியும் கொழுப்பை ஏந்தப் பாத்திரமும் அவசியம்.

ஏழாவது, தனிமை. வீட்டுச் சூடாக்கியின் புகைபோக்கியுடனோ கழிவறைக் காற்றுக் குழாயுடனோ இக்குழாயை இணைப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

நாம் பார்த்த குழாய் இவற்றில் ஒன்றையேனும் நிறைவேற்றவில்லை. கீழே புகைக்கூடு மினுங்கிக்கொண்டிருந்தது.

துப்புரவு என்பது எது?

ஒழுங்காக அமைக்கப்பட்ட குழாயும் சுத்தம் செய்யப்படாவிடில் எண்ணெய்த் தகரமாகவே மாறும். வடிகட்டிகளைக் கழுவுவது எமது அன்றாட வேலை. குழாயையும் விசிறியையும் பரிசோதிப்பதும் சுத்தம் செய்வதும் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. எத்தனை நாட்களுக்கொருமுறை என்பதையும் நியமம் வகுத்துள்ளது. கரி, விறகு முதலியவற்றை எரித்துச் சமைப்பதாயின் மாதமொருமுறை பரிசோதிக்க வேண்டும். ஆகவே, கரியில் எரியும் தந்தூரி அடுப்பு வைத்திருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். இருபத்துநான்கு மணிநேரமும் சமைக்கும் இடங்கள், நெருப்பில் வாட்டும் இடங்கள், தாச்சியில் வதக்கும் இடங்கள் மூன்று மாதத்துக்கொருமுறை. நடுத்தரமான சமையலுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை. வழிபாட்டிடங்கள் போன்று குறைவாகச் சமைக்கும் இடங்களுக்கு ஆண்டுக்கொருமுறை. எமது கோவில்களின் சமையற்கூடங்களை இக்கடைசி வகையில் அடக்கிவிடலாம் எனச் சிலர் நினைக்கலாம். வாரந்தோறும் அன்னதானமும், திருவிழாக் காலத்தில் நாள்தோறும் ஆயிரம் பேருக்குச் சமையலும் நடக்கும் இடத்துக்கு ஆண்டுக்கொருமுறை போதாது. எவ்வளவு எண்ணெய் கொதிக்கின்றது என்பதைக் கொண்டே தவணையைத் தீர்மானிக்க வேண்டும்.

சுத்தம் செய்தவர் தமது பெயரும் திகதியும் குறித்த சான்றிதழைத் தரவேண்டும். அத்துடன், எந்தப் பகுதிகளை எட்டமுடியவில்லை, எவை சுத்தம் செய்யப்படவில்லை என்பதையும் எழுத்தில் தரவேண்டும். இந்த இரண்டாவது தாளைக் கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே. கூரையிலும் குழாய்க்குள்ளும் வேலைக்கு முன்னரும் பின்னரும் எடுத்த படங்களையும் கேளுங்கள். மலிவாகச் செய்கின்றோம் என வருவோர் புகைக்கூட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் துடைத்துவிட்டுச் சான்றிதழ் ஒட்டிச் செல்வதுண்டு.

வீடுகளின் நிலக்கீழ் அறையிலோ வாகனத் தரிப்பறையிலோ பெரிய காஸ் அடுப்பு வைத்து, கொண்டாட்டங்களுக்குப் பலகாரம் பொரித்துக் கொடுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு அடுப்புக்கு மேலிருக்கும் சிறு விசிறியும் வலை வடிகட்டியும் அந்த அளவு எண்ணெய் ஆவிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. காற்றோட்டமற்ற அறையில் காஸ் எரியும்போது உண்டாகும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வருமானம் தேவைதான். அந்த வருமானம் எவருக்காகத் தேடப்படுகின்றதோ அவர்களே மேலே உறங்குகின்றார்கள்.

நெருப்பு எழுந்துவிட்டால்

புகைக்கூட்டுக்குள் பொருத்தப்பட்டிருக்கும் தானியங்கித் தீயணைப்புத் தொகுதியைப் பலரும் அலங்காரமாகவே கருதுகின்றனர். முற்காலத்தில் இத்தொகுதிகள் உலர்ந்த தூளை வீசின. மிருகக் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயும், சூட்டை நெடுநேரம் தக்கவைக்கும் புதிய பொரிக்கும் சாதனங்களும் வந்த பின்னர், தூளினால் அணைந்த நெருப்பு மீண்டும் பற்றத் தொடங்கியது. எனவே 1994ஆம் ஆண்டு நவம்பரில் 'யூ.எல். 300' என்னும் கடுமையான சோதனை முறை நடைமுறைக்கு வந்தது. இன்று பாவனையிலுள்ள ஈர இரசாயனம் எண்ணெயுடன் சேர்ந்து சவர்க்காரம் போன்ற நுரைப் போர்வையை உண்டாக்கி, நெருப்பை மூடிக் குளிரச் செய்கின்றது. பழைய கடையை வாங்குவோர், அங்கிருக்கும் தொகுதி எந்தக் காலத்தது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை அது தகுதிபெற்றவரால் பரிசோதிக்கப்பட வேண்டும்.

தொகுதியைக் கையால் இயக்கும் பிடி, வெளியேறும் வழியில், புகைக்கூட்டிலிருந்து 10 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கும். அதனை இழுத்தால் இரசாயனம் பாய்வதுடன் காஸும் நிறுத்தப்படும். அது எங்கே இருக்கின்றது என்பதைக் குசினியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும், நேற்றுச் சேர்ந்தவர் உட்பட, அறிந்திருக்க வேண்டும். முதலில் அப்பிடியை இழுக்க வேண்டும். அதன் பின்னரே 'கே' வகுப்புக் கையடக்கத் தீயணைப்பானைப் பாவிக்க வேண்டும்.

எரியும் எண்ணெயின் மீது ஒருபோதும் நீரூற்றலாகாது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் குசினி முழுவதும் வீசியடிக்கும். குழாய்க்குள் இரைச்சல் கேட்டாலோ, சுவரிலோ உட்கூரையிலோ நிறம் கருகினாலோ, உட்கூரையைத் திறந்து பார்க்க முற்பட வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, மேல்மாடியில் இருப்போருக்கும் அறிவித்து, 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிடினும் தயங்க வேண்டாம். 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு. குசினியில் எரிந்தது அணைந்துவிட்டதாகத் தோன்றினாலும் தீயணைப்புப் படையினரை வரவழையுங்கள். குழாய்க்குள் எரிவது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

கையெழுத்திடுமுன்

நியமத்தின்படி, புகைக்குழாய்த் தொகுதியின் பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் துப்புரவுக்கும் இறுதிப் பொறுப்பாளி அதன் உரிமையாளரே. ஆனால் அப்பொறுப்பை எழுத்து மூலம் வாடகையாளரிடம் மாற்றிவிடலாம். பல பக்கங்கள் கொண்ட ஆங்கில ஒப்பந்தத்தில் அந்த ஒற்றை வரி எங்கேனும் ஒளிந்திருக்கலாம். மேலும், ஒன்ராறியோத் தீப்பாதுகாப்பு விதிகளில் 'உரிமையாளர்' என்னும் சொல், கட்டடத்தின் ஏதேனும் ஒரு பகுதியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரையும் குறிக்கும். 'கட்டடம் என்னுடையதல்லவே' என்பது வழக்கு மன்றத்தில் விடையாகாது. காப்புறுதி நிறுவனமும் இழப்பீடு தருமுன் துப்புரவுச் சான்றிதழ்களைக் கேட்கும்.

ஆகவே, கடையை எடுக்குமுன் ஆறு விடயங்களைச் செய்யுங்கள்.

1. உட்கூரையைத் திறந்து, அறிந்த ஒருவரைக் கொண்டு குழாயைக் கூரை வரை பார்வையிடுங்கள்.

2. குழாய் பொருத்தப்பட்டபோது நகரசபை வழங்கிய கட்டட அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள்.

3. கடந்த இரு ஆண்டுகளின் துப்புரவு அறிக்கைகளையும், தீயணைப்புத் தொகுதியின் பரிசோதனைச் சான்றுகளையும் கேளுங்கள்.

4. காஸ் இணைப்புகளை மாகாண உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் செய்தாரா என உறுதிப்படுத்துங்கள்.

5. முன்னைய கடையிலும் பார்க்கக் கூடுதலாகப் பொரிக்கப் போகின்றீர்களாயின், அத்தொகுதி அதற்குப் போதுமா எனக் கேளுங்கள். கோப்பிக் கடைக்குப் போட்ட விசிறி கொத்துரொட்டிக் கடைக்குப் போதாது.

6. குறைகளைத் திருத்தும் செலவு எவருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

இந்நாட்டில் இன்றும் குசினிகளில் வேலை செய்யும் சகோதரர்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் தொழிற் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகின்றது. அதற்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம். அகதிக் கோரிக்கை முடிவாகாதவர் என்பதால் அந்த உரிமை இல்லாமற் போய்விடாது.

கடைசியில் நடந்தது

எமது ஊரவர் கட்டடச் சொந்தக்காரரிடம் குழாயைப் புதிதாக அமைத்துத் தருமாறு கேட்டார். "முன்னர் இருந்தவர் எட்டு வருடம் சமைத்தார், ஒன்றும் நடக்கவில்லை" என்பதே கிடைத்த பதில். இரண்டு இரவுகள் அவர் உறங்கவில்லை. முற்பணத்தை இழக்க நேரும் என்பது தெரிந்தும் மூன்றாம் நாள் அந்தக் கடையைக் கைவிட்டார். "அண்ணை, காசு போனால் திரும்ப உழைக்கலாம். அந்தப் பிள்ளை ஓடின சத்தம் என்ரை காதை விட்டுப் போகுதில்லை" என்றார்.

அத்துடன் நின்றுவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். 'எமக்கேன் வீண் வம்பு' என்பது அகதி வாழ்வு எம்மிடம் வளர்த்துவிட்ட பழக்கம். சீருடை அணிந்த அதிகாரியைக் கண்டால் ஒதுங்கிப் போகவே ஊரில் பழகினோம். ஆனால் அடுத்து வருபவர் உட்கூரையைத் திறந்து பார்க்காமலே அடுப்பை மூட்டுவார். அது எம்மவர் ஒருவராகவும் இருக்கலாம். எனவே மேல்மாடிக் குடும்பங்களிடம் விடயத்தைச் சொன்னோம். அவர்கள் தமிழர் அல்லர், எம்மைப் போலவே வேறொரு நாட்டிலிருந்து வந்தவர்கள். தீயணைப்புச் சேவைக்கும் அறிவித்தோம். பரிசோதகர் வந்து பார்த்து, குழாய் மாற்றப்படும் வரை அங்கே சமைக்கக் கூடாதெனக் கட்டளையிட்டார். எமது பெயரை எவரும் எங்கும் ஏலம் போடவில்லை.

எட்டு மாதங்களின் பின்னர் ஊரவர் வேறோர் இடத்தில் கடை திறந்தார். முன்னதிலும் சிறிய கடை, கூடிய வாடகை. திறப்பு விழாவுக்குச் சென்ற என்னை, குத்துவிளக்குக்கு முன்னால் அழைத்துச் செல்வதற்கு முதல், ஏணியடிக்கு அழைத்துச் சென்றார். துப்புரவுக் கதவைத் திறந்து ரோர்ச் லைற்றை அடித்துக் காட்டினார். வெல்டிங் செய்த மூட்டுகள் ஒழுங்காக இருந்தன. மூன்று மாதத்துக்கொருமுறை துப்புரவுக்காரர் வரும் திகதிகளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்திருந்தார். அதன் பின்னரே விளக்கேற்றினோம்.

உணவகம் நடத்தும் உறவுகளே, குசினியில் உழைக்கும் சகோதரர்களே, உணவகங்களுக்கு மேல்மாடியில் வாழும் குடும்பங்களே! நெருப்புக்குத் தப்பி ஓடி வந்தவர்கள் நாம். ஊரில் வீடெரிந்தபோது அதனைத் தடுக்கும் வல்லமை எமக்கு இருக்கவில்லை. இங்கே எரியக்கூடியதைத் தடுக்க ஓர் ஏணியும், ஒரு ரோர்ச் லைற்றும், வெட்கப்படாமற் கேட்கும் ஒரு கேள்வியும் போதும். இந்த வாரமே அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.